சர்க்கார் பாசி

பரளச்சிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சினிமா வண்டி வந்த அன்றைக்குத்தான், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, பிள்ளை உண்டாவதற்கென்று மாதத்தில் சில நாட்கள் தனியாக இருக்கின்றன என்ற சங்கதி சண்முகவடிவுக்குத் தெரியவந்தது. அதைச் சொன்னது வண்டியின் தலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி.

"தாய்மார்களே, பெண்ணின் கருமுட்டை மாதத்தில் ஒரு முறைதான் பக்குவம் அடைகிறது. அதை ஒட்டிய சில தினங்களே அபாய தினங்கள். அபாயத்தை அறிந்து விலகி நில்லுங்கள். அறிய விரும்புவோர் யூனியன் ஆபீஸ் பாசிமாலைப் பிரிவை அணுகலாம்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் பீடி பற்றவைக்கிற சாக்கில் நகர்ந்தார்கள். சண்முகவடிவு நகரவில்லை. அபாயம் அபாயம் என்று அந்தக் குழாய் அலறியது அவள் காதில் ஏதோ கல்யாண மேளம் மாதிரி விழுந்தது. அப்படியொரு அபாயத்துக்காகத்தான் அவள் ஏழு வருஷமாகக் காத்திருந்தாள்.

அவள் புருஷன் அருஞ்சுனை கடைத்தெருவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றான். யாரையும் அதட்டத் தெரியாதவன். தாய் சொன்னாலும் சரி என்பான், பெண்டாட்டி சொன்னாலும் சரி என்பான். இரண்டு சரிகளும் மோதிக்கொள்ளும் நேரத்தில் கடைக்குப் போய்விடுவான். பருத்தி எடுப்பு முடிந்ததும் எம்.ரெட்டியபட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்து அவனுக்கு இரண்டாம் தாரம் கட்டிவைப்பதென்று மாமியார் அந்த வருஷம் முடிவு செய்திருந்தாள். அருஞ்சுனை அதற்கும் சரி என்றிருந்தான். சட்டம் இடம் கொடுக்காதே என்று யாரோ சொன்னதற்கு, "சட்டமா வந்து எனக்குப் பேரனைப் பெத்துக் குடுக்கும்?" என்று மாமியார் கேட்டாள்.

மறுநாளே சண்முகவடிவு பஸ் ஏறி யூனியன் ஆபீசுக்குப் போனாள்.

பாசிமாலைப் பிரிவு ஆபீசுக்குப் பின்னால், கால்நடை ஆஸ்பத்திரியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது. நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. பிரிவின் அதிகாரி தனுஷ்கோடி. முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பார். பெண்களின் உடம்பைப் பற்றி நாள் முழுக்கப் பேச வேண்டிய உத்தியோகம் என்பதால் பெண்களை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று விரதம் வைத்திருந்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"எத்தனை குழந்தை?" என்று காலண்டரிடம் கேட்டார்.

"இல்லங்கய்யா."

"மூணு குழந்தை இருந்தாத்தான் மாலை. இல்லாதவங்களுக்கு எதுக்கு?"

"எனக்குப் பிள்ளை வேணும். அது உண்டாகுற நாள் எதுன்னு இங்க சொல்லுவாகன்னு குழாய்ல சொன்னாகளே."

தனுஷ்கோடி விரதத்தை ஒரு கணம் மறந்து அவளைப் பார்த்துவிட்டார். அந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு ஆள் உள்ளே வந்ததில்லை.

"இந்தாம்மா, அபாய நாளை நாங்க சொல்றது அந்தப் பக்கம் போகாம இருக்கிறதுக்கு. நீங்க போறதுக்கு வழி கேட்கிறீங்க. அது திட்டத்துக்கு விரோதம்."

அந்த நேரம் தட்டிக்கு அப்பால் ஒரு விவசாயி தன் பசுவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சாயங்காலம் கத்த ஆரம்பிச்சா மறுநாள் காலையில ஓட்டிட்டு வாங்க. அதுதான் சரியான நேரம், சினை பிடிக்கும்" என்று கால்நடை உதவியாளர் கணீரென்று சொன்னார்.

"மாட்டுக்கு நாள் சொல்றீக. மனுசிக்குச் சொல்ல மாட்டீகளா?" என்றாள் சண்முகவடிவு.

"அது உற்பத்திப் பெருக்கம், இது கட்டுப்பாடு. இலாகா வேற" என்றார் தனுஷ்கோடி. "ஒரே கூரைங்கிறதுக்காகக் குழப்பிக்கக் கூடாது."

சண்முகவடிவு வெறுங்கையோடு திரும்பினாள். விஷயத்தைக் கேட்ட பக்கத்து வீட்டு சைதுன் பீவி உள்ளே போய், தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பாசிமாலையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். சைதுன் பீவிக்கு ஆறு பிள்ளைகள். அவள் புருஷன் ஜெய்னுலாப்தீன் மிளகாய்வற்றல் வியாபாரம், ஊர் ஊராய்ப் போகிறவர். ஆறு பிள்ளை என்றதும் தனுஷ்கோடி வீடு தேடி வந்து மாலையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது சின்னப்பிள்ளைக்குக் கிலுகிலுப்பைக்குப் பதிலாக ஆகியிருந்தது.

"எனக்கு எதுக்கு வடிவு இது? அவுக என்னைக்கு ஊருக்கு வாராகளோ அன்னைக்குத்தான் எனக்கு நாளு. வந்த மனுசங்கிட்டப் போயி, இன்னைக்குச் சிவப்புப் பாசி, தள்ளிப் படுங்கன்னு சொல்லவா? நீ வச்சுக்க."

மாலையில் முதலில் கறுப்புப் பாசிகள். அவை தூரமாகிற மாதவிலக்கு நாட்கள். பிறகு பச்சை, பிறகு சிவப்பு, அப்புறம் திரும்பவும் பச்சை. தினம் காலையில் ஒரு பாசியை முடிச்சுக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். பச்சைக்குப் பயமில்லை, சிவப்பு என்றால் அபாயம். மொத்தம் இருபத்தெட்டுப் பாசி.

சண்முகவடிவு தூரமான காலையில் முதல் கறுப்பைத் தள்ளினாள். சிவப்பு வந்த நாட்களில் தலைக்கு ஊற்றி, பூ வைத்து, அருஞ்சுனைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, சரி என்றான். கடைசிப் பச்சையும் தீர்ந்தது. அவளுக்குத் தூரம் வரவில்லை. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, யாரிடமும் சொல்லாமல் மாங்காய் வாங்கித் தின்றுகூடப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து வந்துவிட்டது. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவளுக்கு எப்போதுமே அப்படித்தான். நாலு வாரத்தில் வந்ததே கிடையாது, அஞ்சு வாரம் ஆகும். மாலையில் அந்தக் கடைசி வாரத்துக்குப் பாசியே இல்லை.

மாலையை எடுத்துக்கொண்டு மறுபடியும் தனுஷ்கோடியிடம் போனாள்.

"ஐயா, இது எனக்குக் காணல. ஒரு வாரம் குறையுது."

"மாசம்னா இருபத்தெட்டு நாள். மேலிடத்து உத்தரவு."

"எனக்கு அஞ்சு வாரமாகுதே."

"மாலைப்படி உங்களுக்கு ஒரு வாரம் முந்தியே வந்தாச்சு."

"வரலையேங்கய்யா."

"வரலைன்னா அது உங்க தரப்புத் தாமதம். உடம்பைப் பழக்கணும். ஒரு நாடு முன்னேறணும்னா ஆளாளுக்கு ஒரு மாசம் வச்சுக்க முடியாது."

அப்போதுதான் இவளுக்கு நாம் மாலையே கொடுக்கவில்லையே என்ற யோசனை அவருக்கு வந்தது. கோபப்பட வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். மாலை ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அவள் தினமும் தவறாமல் பாசி தள்ளுகிறாள். அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மாலை வாங்கிய மற்ற வீடுகளில் சில மாலைகள் கன்றுக்குட்டியின் கழுத்துக்கும் சில தொட்டிலுக்கும் போயிருந்தன. பல வீடுகளில் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு மேலதிகாரிகள் வரப்போகிறார்கள். தனுஷ்கோடி வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க வீட்டுல கொழுந்தன் இருக்காரா?"

"இருக்காக."

"அவருக்குப் பிள்ளைகள்?"

"மூணு. மூணும் பொட்டப்பிள்ளைக."

"கூட்டுக் குடும்பம்தானே? அப்ப உங்க வீட்டுல மூணு குழந்தை இருக்கு. உங்களுக்குத் தகுதி வந்துட்டது. மாலை இனி உங்க பேர்லயே இருக்கட்டும்."

ஓரகத்தி பெற்ற பிள்ளைகளை வைத்துத் தனக்கு எப்படித் தகுதி வரும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தும் சண்முகவடிவுக்கு விளங்கவில்லை. இரண்டு வாரத்தில் ஆபீஸ் ஜீப்பே பரளச்சிக்கு வந்தது. காரியாபட்டிச் சந்தைத் திடலில் விழா; யூனியனிலேயே சிறந்த மாலைத் தாய்க்குப் பரிசு; அந்தத் தாய் சண்முகவடிவு. தன் மருமகள் எந்த வகையில் தாய் என்று மாமியார் ஜீப் டிரைவரிடம் கேட்டாள். தனக்கு ஏற்றிக்கொண்டு வரத்தான் உத்தரவு என்று அவர் சொல்லிவிட்டார்.

போவதா வேண்டாமா என்று சண்முகவடிவு யோசித்தாள். பெரிய அதிகாரியெல்லாம் வருவார்கள், அவர்களிடமாவது நாளைக் கேட்கலாம் என்று ஏறிக்கொண்டாள். அருஞ்சுனையும் கூட ஏறினான்.

திடலில் பந்தல் போட்டு, நாலு மூலையிலும் குழாய் கட்டியிருந்தார்கள். சந்தை நாள் என்பதால் ஆடு பிடிக்க வந்தவர்கள், மிளகாய் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கூட்டமாகக் கணக்கில் சேர்ந்தார்கள். மேடை ஓரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த லேடி டாக்டர் கோகிலாம்பாள் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு பெண்மணியாவது இருக்க வேண்டும் என்று அழைத்திருந்தார்கள், பேச அழைக்கவில்லை. சண்முகவடிவை அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"எத்தனை பிள்ளையோட நிறுத்துன?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்கம்மா."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். சண்முகவடிவு எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சு வாரம் என்றதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இங்க பாரும்மா. முட்டை வர்றதை முன்னாலருந்து எண்ணக் கூடாது, பின்னாலருந்து எண்ணணும். அடுத்த தூரம் வர்றதுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரத்துக்கு முந்தி அது வரும். நாலு வாரக்காரிக்கு நடுவுல வரும். உனக்கு அதுக்கும் ஒரு வாரம் தள்ளி. இதுல சிவப்பு முடிஞ்சு பச்சை ஓடுற நேரந்தான் உனக்குச் சிவப்பு."

"அப்ப நான் கருவாட்டுக் குழம்பு வச்சதெல்லாம்..."

"அது வீண் போகல, அவர் சாப்பிட்டாரில்ல" என்றார் டாக்டர். "உடம்பே சொல்லும். கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு படுதா, அது படுற ரெண்டு மூணு நாளும்தான் நாள். முட்டை ஒரு நாளைக்கு மேல தாங்காது. அதனால முந்திக்கணும். ஆனா இதெல்லாம் அப்புறம். முதல்ல உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, அவரைப் பரிசோதிக்கணும். ஏழு வருஷத்துல யாராவது சொன்னாங்களா?"

ஏழு வருஷத்தில் அவளை எல்லாக் கோயிலுக்கும் அனுப்பியிருந்தார்கள். அருஞ்சுனையை யாரும் எங்கும் அனுப்பியதில்லை.

அதற்குள் ஆணையாளர் காசிராஜன் மைக் முன் வந்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"பெரியோர்களே, இந்த யூனியனில் மாலையை முறைப்படி உபயோகித்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்த ஆண்டு குழந்தை பிறக்கவில்லை. இது நூற்றுக்கு நூறு வெற்றி. மாலை வாங்கிய சிலருக்குக் குழந்தை பிறந்திருப்பதாகச் சில விஷமிகள் சொல்கிறார்கள். குழந்தை பிறந்ததிலிருந்தே அவர்கள் முறைப்படி உபயோகிக்கவில்லை என்பது தெரிகிறது. ஆகவே அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இயற்கை ஒத்துழைக்க மறுத்தால் அதற்கு இலாகா பொறுப்பேற்க முடியாது. நான் இந்தப் பதவிக்கு வருமுன் நீர்ப்பாசனத்தில் இருந்தேன். பெண்களின் உடற்கூறு பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் நிர்வாகம் தெரியும். நிர்வாகம் தெரிந்தவனுக்குக் கண்மாயும் ஒன்றுதான், கருப்பையும் ஒன்றுதான்."

பலத்த கைதட்டல். தனுஷ்கோடி முதலில் தட்டினார்.

சண்முகவடிவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எவர்சில்வர் குடம் ஒன்றைக் காசிராஜன் நீட்டினார். போட்டோக்காரர் ஒற்றைக் கண்ணை மூடினார். அவள் கையை நீட்டவில்லை. குடம் நடுவில் நின்றது. அவள் இரண்டு அடி வைத்து மைக் முன்னால் போய் நின்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்ததும் மைக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பந்தல் ஓரத்தில் அருஞ்சுனை நிற்பது தெரிந்தது. அவன் கடைக்குப் போக வழியில்லாமல் நின்றான்.

"பிள்ளை இல்லைங்கிறதுக்கு எங்க ஊர்ல எனக்கு வசவு குடுக்காக. இங்க குடம் குடுக்காக" என்றாள். குழாய் நாலு மூலையிலும் அதைத் திருப்பிச் சொன்னது. "ஊரு என்னைய மலடிங்குது. சர்க்காரு என்னையச் சிறந்த தாய்ங்குது. நான் ரெண்டும் இல்ல. எனக்குப் பிள்ளை வேணும். அதுக்கு நாளு எதுன்னு கேட்டுத்தான் நான் இவுக ஆபீசுக்குப் போனேன். சொல்ல மாட்டேன்னாக. மாட்டுக்குச் சொல்றாக. எனக்கு அஞ்சு வாரத்துக்கு ஒருக்கத்தான் தூரம் வருது, இவுக மாலை நாலு வாரத்துல நின்னுபோகுது. கேட்டா நான் தாமதமாம். எந்த மேலிடம் எனக்கு நாள் குறிச்சது? அவுகளா தூரமாகுறாக?"

தூரம் என்ற வார்த்தை ஒலிபெருக்கியில் வந்து அந்த வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை. காசிராஜன் குடத்தோடு பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"சகோதரி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். அபாய நாட்கள் தடுப்புக்காக மட்டுமே வழங்கப்படுகின்றன. அவற்றைப் பிள்ளை பெறுவதற்குப் பயன்படுத்துவது அரசாங்கச் சொத்தைத் துர்விநியோகம் செய்வதாகும் என்பதை..."

"எனக்கு மூணு வாரத்துலயே வருதே, அதுக்கு என்ன செய்யட்டும்?" என்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மிளகாய் விற்க வந்த ஒருத்தி எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்கிறதுல வாரதே இல்ல. எந்தப் பாசியில இருந்து தள்ளுறது?" என்றாள் இன்னொருத்தி.

"பச்சைன்னு நம்பித்தான் இது" என்று மூன்றாவது ஒருத்தி தன் வயிற்றைக் காட்டினாள்.

பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒருத்தியும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. காசிராஜன் கண்மாய் ஆண்ட காலத்தில் கரை உடைந்தபோதுகூட இப்படித் திகைத்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கேள்விகளை எழுத்து மூலம் உரிய வழியில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். கேட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கடைசியில் தேசிய கீதத்தைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அதிகாரிகள் பின்பக்கமாக ஜீப்பை நோக்கி நடந்தார்கள்.

சண்முகவடிவு தனுஷ்கோடியை மறித்து, மாலையை அவர் கையில் வைத்தாள். "உங்க மாசத்தை நீங்களே வச்சுக்கங்க."

வீட்டில் மாமியார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த அமைதி சண்முகவடிவுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க எம்.ரெட்டியபட்டிக்கு வண்டி கட்டிய காலையில் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"வண்டிய அருப்புக்கோட்டைக்கு விடுங்க. டாக்டரம்மா உங்களைப் பாக்கணுமாம்."

"என்னையவா? எனக்கு என்ன?" என்றான் அருஞ்சுனை.

"அதத்தான் பாக்கணும். ஏழு வருசமா எனக்கு என்னன்னு மட்டுந்தான பாத்தோம்."

மாமியார் திடுக்கிட்டு, "எம்மகனுக்கா சோதனை?" என்றாள். அருஞ்சுனை தாயைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிக் கடைக்குப் போய்விடத்தான் வாய் வந்தது. ஆனால் சந்தைத் திடலில் அவள் மைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பேசியதை அவன் பார்த்திருந்தான்.

"ஏறு புள்ள, போவோம்" என்றான்.

சோதித்ததில் அவனிடம் குறையொன்றும் இல்லை. உறுதியாக எதையும் சொல்ல முடியாது, சில பேருக்குப் பலிக்கும், சில பேருக்குப் பலிக்காது என்றுதான் டாக்டரும் சொல்லி அனுப்பினார். பெண் பார்க்கும் பேச்சு அதற்குப்பின் எடுபடவில்லை. அருஞ்சுனை தாயிடம் முதன்முறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்ன பயத்தில் இரண்டு நாள் கடையிலேயே படுத்திருந்தான். அந்த இரண்டு நாளில் நாள் தப்பிவிட்டது என்று சண்முகவடிவு அவனைத் திட்டினாள். அடுத்த மாதமும் பலிக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் ஒன்றுமில்லை. அவள் பாசி எண்ணுவதை விட்டு உடம்பைப் பார்க்கப் பழகியிருந்தாள். சித்திரை வெயிலில் அவளுக்கு வாந்தி கண்டது; இந்தத் தடவை மாங்காயை எல்லோருக்கும் தெரியத் தின்றாள். தை மாதம் பெண்குழந்தை பிறந்தது. மாமியார் பேரன் இல்லையே என்று முகத்தைச் சுழித்துக்கொண்டு, பிள்ளையை வாங்கிய கையைக் கீழே விடவில்லை.

குழந்தை கவிழ்ந்து படுக்கத் தொடங்கிய சமயம் தனுஷ்கோடி சைக்கிளில் வந்தார். மாலைத் திட்டத்தை மேலிடத்தில் கைவிட்டுவிட்டார்கள், இனி கருப்பைக்குள் வைக்கிற லூப்பு. பழைய திட்டத்தை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது. முதலில், பரிசுக்குடத்தைத் திருப்பிக் கேட்டார்.

"நான் வாங்கவே இல்லையே. உங்க கண்ணு முன்னால வேண்டாம்னேனே."

"வாங்கினதா ரிக்கார்டு. குழந்தை பிறந்துட்டதால பரிசு ரத்து."

"வாங்காத குடத்த எப்படித் திருப்பித் தாரது?"

"அதுக்கு வேற மனுப் போடணும்" என்று சொல்லிவிட்டு, தனுஷ்கோடி பெரிய ரிஜிஸ்தர் ஒன்றைத் திறந்தார். குழந்தையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சுவரில் காலண்டரைத் தேடினார். அந்த வீட்டில் காலண்டர் இல்லை.

"மாலைக்காரர் வீட்டுல பிறந்த குழந்தைக்குக் காரணம் எழுதணும். ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு, உபயோகிப்பவர் தவறு. ஒண்ணு, சாதனத்தின் தோல்வி. எதுல போட?"

"ரெண்டும் இல்ல. வேணும்னு பெத்ததுன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இல்லம்மா."

"இல்லைன்னா கோடு போடுங்க."

"அச்சடிச்சு வந்தது. நானா கோடு போட முடியாது."

"எம்மகளைத் தப்புன்னும் தோல்வின்னும் எழுதிட்டு இந்த வாசலைத் தாண்டிருவீகளா?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் எழுந்து நின்றிருந்தாள். உள்ளே இருந்து மாமியாரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். அருஞ்சுனை கடைக்குப் போனான். போனவன் கணக்கெழுதும் ரூல்தடியோடு திரும்பி வந்து, அதைத் தனுஷ்கோடி முன்னால் வைத்தான்.

தனுஷ்கோடி கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். கோடு போட்டார். மேலே 'விருப்பத்தின் பேரில்' என்று எழுதி வாசித்துக் காட்டினார். அது யாருக்குப் புரியும் என்று சண்முகவடிவு கேட்டாள். அடித்துவிட்டு, 'வேண்டுமென்று பெற்றது' என்று எழுதி, அதற்குக் கீழே குழந்தையின் பெயரைப் பதிந்தார்.

இவ்வளவையும் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சைதுன் பீவி, "ஐயா, எம்பிள்ளைகளையும் அதுல எழுதுவீகளா?" என்று கேட்டாள்.

"ஆறும் வேணும்னு பெத்ததா?"

சைதுன் பீவி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆறும் எனக்கு உசுருதான். ஆனா மூத்ததுக மூணை மட்டும் அதுல எழுதுங்க. பிந்துன மூணுக்கு என்னைய யாரு கேட்டா? அதுக்குத் தனியா ஒரு கோடு போடுங்க."

தனுஷ்கோடி மறுபடியும் ரூல்தடியை எடுத்தார்.